முதுகுப் பிடிப்பு என்று போனவர்களுக்கு நெஞ்சில் நீர்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

தென்காசிப் பக்கத்திலிருந்து, தம்பிக்காக எழுதும் அக்கா:

என் தம்பிக்கு இருபத்தைந்து வயது. ஒரு கடையில் மூட்டை இறக்கி ஏற்றும் வேலை. அதனால் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகில் வலி என்றபோது வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வாயுப் பிடிப்பு என்றார் அம்மா. பூண்டைப் பாலில் வேக வைத்துக் கொடுத்தார், தைலம் தேய்த்தார். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடமும் போய் வந்தான். வலி மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் மறுபடி வரும்.

இந்த வலியில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. இருமினால், தும்மினால், மூச்சை ஆழமாக இழுத்தால் மட்டும் கத்தி குத்துவதாகச் சொல்வான். அழுத்திப் பார்த்தால் எந்த இடத்திலும் வலிக்காது. ராத்திரி வலது பக்கமாகவே சாய்ந்து படுப்பான். சாயங்காலம் லேசாக உடம்பு சுடும். வறட்டு இருமல் இருந்தது, சளி இல்லை.

அப்புறம் வலி தானாகவே குறைந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானோம். ஆனால் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தான். அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். வலப்பக்கம் பாதிக்குக் கீழே சத்தமே மாறிப்போனது, நின்றிருந்த எனக்கே கேட்டது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருக்கிறது என்றார்.

நீர் எடுப்பதைப் பற்றிப் பலருக்குப் பயம் இருப்பதால் அதை விவரமாகவே எழுதுகிறேன். தம்பியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முன்னால் மேசை போட்டு அதன்மேல் கைகளை மடித்துக் குனியச் சொன்னார்கள். ஸ்கேன் வைத்துப் பார்த்து முதுகில் பேனாவால் குறித்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபோதுதான் கொஞ்சம் எரிந்தது, அதற்குப் பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது என்றான். மஞ்சளாக, தெளிவாக நீர் வந்தது. ஒரு லிட்டர் ஆனதும், இருமல் வந்துவிட்டது, இன்றைக்கு இது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரியும்போது இருமல் வருமாம். ஒரே மூச்சில் அளவுக்கு மீறி எடுத்தால் விரிந்த நுரையீரலுக்குள்ளேயே நீர் சுரந்துவிடும், அதனால் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் போக மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார்.

எடுத்த நீரைப் பரிசோதித்ததில் ஏடிஏ என்ற நொதியின் அளவு அதிகம், லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம். காசநோய் என்று முடிவானது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, எல்லாமே இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாய்). நமக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், பதிவு செய்யும்போதே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகை நீர் பலருக்கு மருந்தே இல்லாமல் வற்றிவிடுவதும் உண்டு. வற்றிவிட்டது என்று விட்டவர்களில் நிறையப் பேருக்குச் சில வருடங்களில் நுரையீரலிலேயே காசநோய் வருகிறது. மூன்றாம் மாதமே தம்பி நன்றாகத் தேறிவிட்டான், மாத்திரை எதற்கு என்றான். அம்மா தினமும் முன்னால் நின்று விழுங்க வைத்தார். ஆறு மாதமும் முடித்தான். இன்னும் எப்போதாவது வலப்பக்கம் ஒரு பிடிப்பு வரும். உறை கொஞ்சம் தடித்திருப்பதால் அப்படி இருக்கும் என்றார்கள், மூச்சுப் பயிற்சி செய்கிறான்.

உங்களில் யாருக்காவது முதுகுவலியில் ஆரம்பித்து இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள். வேறு காரணங்களாலும் வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

திருச்சி, நெஞ்சக நோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்:

நல்ல காரியம் செய்தாய் அம்மா, இதை எழுதியதற்கு. தம்பிக்கு ஏன் முதுகில் வலித்தது என்று நான் சொல்கிறேன்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. உள் அடுக்கு நுரையீரலோடு ஒட்டியது, அதற்கு வலி தெரியாது. வெளி அடுக்கு விலா எலும்புகளின் உட்புறம் ஒட்டியது. அதற்கு உணர்ச்சி கொடுப்பது விலா எலும்புகளுக்கு இடையில் ஓடும் நரம்புகள். அதே நரம்புகள்தான் முதுகுத் தோலுக்கும் தசைக்கும் போகின்றன. அதனால் உறையின் பின்பக்கம் அழற்சி வந்தால், மூளைக்கு அது முதுகுவலியாகத்தான் தெரியும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நடுப்பகுதியை ஒட்டிய உறையில் அழற்சி இருந்தால் வலி தோள்பட்டையில் தெரியும், ஏனென்றால் அந்த நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இயல்பாக அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு நாலு தேக்கரண்டிகூட நீர் இருக்காது. வழுக்கிக்கொண்டு அசைய அது போதும். அழற்சியின் தொடக்கத்தில் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று உரசும், அப்போதுதான் குத்துவலி. நீர் சேரச் சேர இரண்டும் விலகிவிடும், உரசல் நின்றுவிடும், வலி குறைந்துவிடும். ஆனால் நுரையீரல் விரிய இடம் இல்லாமல் மூச்சு வாங்கத் தொடங்கும். வலி போய் மூச்சுத்திணறல் வந்தால் நோய் குணமாகவில்லை, வளர்ந்திருக்கிறது. வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

டாக்டர் விரலால் தட்டியதைச் சொன்னாயே, அந்தப் பரிசோதனையை 1761இல் வியன்னாவில் அவன்புரூகர் என்ற மருத்துவர் எழுதி வெளியிட்டார். விடுதிக்காரர் மகன் அவர். பீப்பாயைத் தட்டி எதுவரை நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதைப் போலவே நெஞ்சையும் தட்டிப் பார்த்தார். இன்றைக்கும் அது செலவில்லாத பரிசோதனை. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 200 மில்லியாவது சேர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் ஸ்கேனில் பிடித்துவிடலாம்.

வீட்டில் தம்பிக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்தீர்களா என்று கேட்கவில்லை. வைத்திருந்தால் தேவையில்லை. தட்டு டம்ளரால் காசநோய் பரவாது. உறையில் மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாக அடுத்தவருக்கு ஒட்டுவதும் இல்லை. நுரையீரலிலும் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சில நோயாளிகளைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனை) சிலரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அந்த முடிவு ஒரு பெரிய காரணம். நம் ஊரில் நடந்த வேலை அது. அப்படியிருந்தும் கல்யாணம் தடைப்பட்டது, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று இன்றும் கேட்கும்போது மனது ஆறவில்லை.

சேலம், அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகன்:

சிஸ்டர் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது எங்கள் வீட்டில். அப்பாவுக்கு இதயம் பலவீனம். இரண்டு பக்கமும் நீர், வலப்பக்கம் கூடுதல். ஆனால் குத்துவலியே கிடையாது. நடு முதுகிலும் இடுப்பிலும் ஒரு மந்தமான வலி மட்டும். எலும்பு டாக்டரிடம் காட்டினோம். கடைசியில் அந்த வலிக்கு வேறு காரணம் தெரிந்தது: படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. கால் வீங்கியிருந்ததையும் வேட்டியில் மறைத்துவிட்டார்.

ஊசி போட்டு எடுக்கவில்லை. நீர் மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கிறோம், திடீரென்று ஏறினால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். வயதானவர்கள் வீட்டில் இருந்தால், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கோயம்புத்தூர், மனைவி:

என் கணவருக்கு இடப்பக்கம் நீர். வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. நிமிர்ந்து படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கும். வாந்தி வேறு. பித்தப்பைக் கல் நகர்ந்து கணையம் வீங்கியிருந்தது. ரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதி பல மடங்கு ஏறியிருந்தது. கணையத்தின் அழற்சி உதரவிதானத்தைத் தாண்டிப் போய் நெஞ்சில் நீர் சேர்த்திருக்கிறது என்றார்கள். கணையம் ஆறியதும் நீரும் வற்றியது, தனியாக எடுக்கவே இல்லை. பிறகு பித்தப்பையை அகற்றினார்கள். நெஞ்சில் நீர் என்றதுமே காசநோயோ புற்றுநோயோ என்று நடுங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதுரை, மகள்:

எங்களுக்குப் புற்றுநோய்தான். பயமுறுத்த எழுதவில்லை, இந்தப் பாதையில் இருப்பவர்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

அம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகவே இருந்தார். அப்புறம் நடு முதுகில் வலி. பகலைவிட ராத்திரி அதிகம். படுத்தாலும் குறையாது. வயது ஆகிறதல்லவா என்று எல்லோரும் சொன்னார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர் தெரிந்தது, எம்ஆர்ஐயில் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. அம்மாவின் வலி நீரால் வந்ததே இல்லை, எலும்பால் வந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு இடங்கள். புற்றுநோய் வந்து குணமானவர்களுக்குப் புதிதாக முதுகுவலி வந்தால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் புற்றுநோய் டாக்டரிடமே முதலில் காட்டுங்கள். கால் மரத்தாலோ, பலவீனமானாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நீர் எடுக்க எடுக்க மறுபடி சேர்ந்தது. கடைசியில் நெஞ்சுக்குள் குழாய் வழியாக டால்க் பொடி செலுத்தி இரண்டு உறையையும் ஒட்ட வைத்தார்கள். அன்றைக்குக் காய்ச்சலும் நல்ல வலியும் இருந்தது, முன்கூட்டியே வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நீர் சேரவில்லை. சிலருக்கு வீட்டிலேயே நீரை வடிக்கும்படி நிரந்தரக் குழாய் வைக்கிறார்கள். முதுகுவலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்டது. மார்ஃபின் மாத்திரைக்கு உறவினர்கள் பயந்தார்கள், அடிமையாகிவிடுவார் என்றார்கள். வலிநிவாரண மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தார், அம்மா தூங்கினார், எழுந்து சாப்பிட்டார், பேத்திகளோடு பேசினார். இப்போது அம்மா இல்லை. அந்த மாதங்களில் வலியில்லாமல் இருந்தார், அதற்காக அந்த மருத்துவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஈரோடு, மருமகள்:

எல்லோருடையதையும் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் மாமியாருக்கு வயது அறுபத்திரண்டு, சர்க்கரை உண்டு. மூன்று வாரமாக இடது முதுகில் வலி. நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல், இருமினால் முதுகைப் பிடித்துக்கொள்கிறார். இதுவும் நீராக இருக்குமா சிஸ்டர்?

திருச்சி செவிலியர்:

முதுகுவலி வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தசையும் எலும்பும்தான் காரணம், நுரையீரல் இல்லை. அந்த வலி குனிந்தால், திரும்பினால், எடை தூக்கினால் கூடும், பெரும்பாலும் அழுத்தினால் இடம் தெரியும். ஆனால் உன் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, குளிர் காய்ச்சல் இருக்கிறது, இருமினால் வலிக்கிறது. நிமோனியா வந்து பக்கத்தில் நீர் சேர்ந்திருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு அது சீழாக மாறும் ஆபத்து கூடுதல். சீழானால் ஊசியால் எடுத்தால் போதாது, குழாய் வைத்து வடிக்க வேண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீரகத்தில் தொற்று இருந்தாலும் இப்படிக் குளிரும் பக்கவாட்டு முதுகுவலியும் வரும், சிறுநீர்ப் பரிசோதனையும் கேள்.

டாக்டரிடம் வெறுமனே முதுகுவலி என்று சொல்லாதே. இருமினால் வலிக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல். நெஞ்சைத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுப்பார்கள். இடையில் பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், குழப்பமாகப் பேசினால், முதுகில் கிழிப்பதுபோல் திடீர் வலி வந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடு. திடீர் வலிக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருப்பதும் ஒரு காரணம், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஈரோடு, மருமகள்:

காலை வரை வைத்துக்கொள்ளவில்லை சிஸ்டர், இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புகிறோம். சர்க்கரை ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ரே பார்த்ததும் எழுதுகிறேன்.