பொருள்: மேயருக்குத் தமிழ் என்ன? வியாழன் இரவுக்குள் வேண்டும்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் பதவிப் பெயர்களுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் தமிழ். நம் பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போல 'ஷீ வாஸ் எலெக்டட் அஸ் எ மேயர்' என்று எழுதுகிறார்கள். ஊருக்கு மேயர் ஒருவர்தான். ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அமர்த்தினார்கள் என்று வரும்போது 'எ' வேண்டாம். 'ஷீ வாஸ் எலெக்டட் மேயர்', அவ்வளவுதான். 'அஸ்' போட்டால் குற்றமில்லை, ஆனால் தேவையில்லை. அது எங்கிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் நம் 'மேயராக'வில் இருக்கும் 'ஆக'விலிருந்துதான். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது.

சிக்கல் வலப்பக்கத்தில். பழைய பதிப்பில் 'மாநகரத் தந்தை' என்று இருக்கிறது. அதையே பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், கடலூர் மாநகராட்சி ஆனதே 2021லதான். 2022ல வந்த முதல் மேயரே ஒரு அம்மா. அவங்களை எப்படி சார் தந்தைன்னு எழுதறது?" என்றாள். 'தந்' வரைக்கும் எழுதியிருந்தேன். அழித்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன். ஒரு சொல் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

தம்பி, சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது. மேயர் தமிழ்ச்சொல். 'மாயோன் மேய காடுறை உலகமும்' என்று தொல்காப்பியம் சொல்லவில்லையா? மேய என்றால் மேவிய, அதாவது விரும்பித் தங்கிய. நம்முடையது நெய்தல் ஊர். 'வருணன் மேய பெருமணல் உலகமும்' என்பது நம்மையும் சேர்த்துத்தான். நிலத்தை மேயவன் தெய்வம், நகரை மேயவர் மேயர். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயன் இந்தச் சொல்லையும் சேர்த்து மூட்டை கட்டியிருப்பான் என்பது என் கருத்து. மே, மேல், மேடு, மேதகு எல்லாம் ஒரே வேர். விரிவாக நாளை எழுதுகிறேன்.

புதுவை முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். சென்னைக்கு 1688லேயே மேயர் வந்தாயிற்று. கோட்டை வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே மூட்டை கட்டியிருக்க முடியாது.

லத்தீனில் மாயோர் என்றால் பெரியவர். அதுதான் பிரெஞ்சில் மேர் ஆனது, அவர் உட்காரும் இடம் மேரி. எங்கள் கடற்கரைச் சாலையில் இருப்பது அந்த மேரிதான். 2014 மழையில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போனால் பாதிப் பேர் உள்ளே மாதா சிலை எங்கே என்று தேடுகிறார்கள்.

1880இல் பிரெஞ்சுக்காரர் கொம்யூன்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) அமைத்ததிலிருந்து எங்களுக்கு மேர் உண்டு. விடுதலைக்குப் பின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரும் புதுவை மேயராக இருந்தவர்தான். இப்போது நகராட்சித் தலைவர் என்றுதான் பதவி. அதற்கும் 1968க்குப் பிறகு தேர்தல் நடந்தது 2006இல். எங்கள் ஊரில் சொல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

லாஸ்பேட்டையிலிருந்து (பிறந்தது யாழ்ப்பாணம்):

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? எங்கட பக்கம் 'மாநகர முதல்வர்' என்றுதான் எழுதுறவை. யாழ் மாநகர முதல்வர். ஆணென்ன, பெண்ணென்ன, ஒரு சிக்கலும் இல்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அருமையான சொல்தான், அக்கா. ஆனால் கையேட்டின் அடுத்த பக்கத்தில் சீஃப் மினிஸ்டர், அதற்கடுத்த பக்கத்தில் பிரின்சிபல். 'முதல்வர் வருகைக்கு முதல்வர் ஏற்பாடு செய்தார், முதல்வர் வரவேற்றார்' என்று பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். கையேட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடவேண்டியவரும் ஒரு முதல்வர்தான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

தந்தை வேண்டாம் என்றதும் யாராவது 'மாநகரத் தாய்' என்று வருவீர்கள் என்று காத்திருந்தேன், நல்லவேளை வரவில்லை. தந்தையும் தாயும் உறவு, பதவி அல்ல. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தாயிடம் போய் மனுக் கொடுப்பதா? 'வணக்கத்திற்குரிய மேயர்' என்று சொல்லிச் சொல்லியே பாதிக் கேள்வியை விழுங்கியாயிற்று.

ஒன்றைக் கையேட்டில் சேருங்கள். பெண் மேயரை ஆங்கிலத்தில் மேயரஸ் என்று எழுதக்கூடாது. அது பெரும்பாலும் மேயரின் மனைவிக்குச் சொல்வது. ஆணும் பெண்ணும் மேயர்தான். நமக்கோ '-அர்' விகுதி இருக்கும்போது கவலையே இல்லை. 'மாநகரத் தலைவர்' என்று போடுங்கள். துணைத் தலைவர், முன்னாள் தலைவர், தலைவர் தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கும். கடன் சொல்லே கூடாது என்பது என் கட்சி, தெரியும்தானே.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

அக்கா, தலைவர் என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருபவர் வேறு. வார்டுக்கு நாலு தலைவர் இருக்கிறார்கள்.

அப்புறம் புலியூர் ஐயாவுக்கு ஒரு செய்தி. மேய்வதால் மேயர் என்றால், எங்கள் தெருவில் இப்போது மூன்று மேயர்கள் நின்று சுவரொட்டி தின்கிறார்கள். ஒருவர் கன்றோடு வந்திருக்கிறார்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

மேய்தல் வேறு, மேவுதல் வேறு. தம்பிக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் பேசுகிறேன்.

லத்தீனில் பெரியவர் என்று முத்தியால்பேட்டை நண்பர் சொன்னதை நேற்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலையில் தேர்ந்தவர்களை 'வாரியப் பெருமக்கள்' என்றார்கள். பெரியவரும் பெருமக்களும் ஒன்றுதானே? ஆகவே 'மாநகரப் பெருமகர்'. வல்லினம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் போல மாநகராட்சிக் குழுக்களுக்கும் பெயர் மாற்றலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

மேயர் தமிழ் என்றால் பெருமகர் எதற்கு, ஐயா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

இரண்டும் இருக்கட்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து (வியாழன், இரவு 11.40):

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். மேயர் 5, மாநகரத் தலைவர் 3, மாநகர முதல்வர் 1, பெருமகர் 1. நான் வாக்களிக்கவில்லை. கடலூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் புரியவேண்டும், அதுதான் என் அளவுகோல். மேயர் என்றே போடுகிறேன். நெல்லிக்குப்பத்து அக்காவுக்காக அடைப்புக்குறிக்குள் மாநகரத் தலைவர்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அடைப்புக்குறிக்குள் மேயரைப் போட்டிருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

எனக்கு முழுச் சம்மதம், தமிழ்ச்சொல்லையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அச்சகத்தார் அதை அயற்சொல் என்று நினைத்துச் சாய்வெழுத்தில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிவான கட்டுரை நாளை.