ஒன்டாரியோவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

கனடாவில் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்து, முன்பணமும் கொஞ்சம் சேர்ந்ததும் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெயின்ட் அடித்து, புது லைட் மாட்டி, வீட்டைப் பளபளவென்று காட்டுகிறார்கள். உள்ளே என்ன கோளாறு கிடக்கிறதோ, வாங்கின பிறகு தெரிந்தால் என்ன செய்வது? நான் வக்கீலும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் வீடு பார்க்கிறவர்களுக்காகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வாசல் கிழக்கா வடக்கா என்று பார்ப்பதற்கு முன்னால், வீடு எந்த ஆண்டில் கட்டியது என்று கேளுங்கள். இங்கே ஒவ்வொரு காலகட்டத்துக்கும் பிற்பாடு தொல்லை கொடுத்த ஒரு பொருள் உண்டு. ஆண்டு தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1950களுக்கு முந்தைய வீடு என்றால் பீங்கான் குமிழ்களில் கம்பி ஓடும் பழைய 'நாப் அண்ட் டியூப்' வயரிங், தெருவிலிருந்து வரும் ஈயத் தண்ணீர்க் குழாய், மண் குழாய்ச் சாக்கடை என்று மூன்றையும் பார்க்க வேண்டும். சாக்கடைக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், கொடுங்கள். மர வேர் நுழைந்த குழாயை மாற்ற முற்றத்தையே தோண்ட வேண்டிவரும்.

நம்மவர்கள் அதிகம் வாங்கும் ஸ்கார்பரோ, பிராம்ப்டன் வீடுகளில் பல 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிக்குள் கட்டியவை. செம்பு விலை ஏறிய அந்தக் காலத்தில் அலுமினிய வயரிங் போட்டார்கள். அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், ஆறினால் சுருங்கும். நாளாக ஆக, பிளக், சுவிட்ச் இணைப்புகள் தளர்ந்து, அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பேஸ்மென்டில் கூரை மூடாத இடத்தில் கேபிளின் உறையைப் பாருங்கள். 'அலுமினியம்' என்றோ 'ஏ.எல்.' என்றோ ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். இருந்தால் ஓடிவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கென்றே உள்ள கனெக்டர் போட்டுச் சிறு செம்புக் கம்பியைச் சேர்த்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டாம். சிக்கல் இன்ஷூரன்ஸில்தான் வரும். சில கம்பெனிகள் மறுத்துவிடும். சில, எலக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டியின் சான்று கேட்கும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வங்கி கடன் தராது. ஆகவே ஆஃபரில் கண்டிஷன், அதாவது 'இது சரிப்படாவிட்டால் விலகிக்கொள்வேன்' என்ற நிபந்தனை, இருக்கும்போதே இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசிவிடுங்கள். வீடு கைமாறும் குளோசிங் நாளுக்கு முந்தின வாரம் பேசினால் உங்களுக்குத் தூக்கம் இருக்காது.

பழைய வீடுகளின் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில், குளிர் தடுக்கக் கொட்டிய வெர்மிகுலைட் இருக்கலாம்; சாம்பலும் பழுப்பும் கலந்து, சிறு கற்களைப் போல மினுமினுக்கும். 'சோனோலைட்' என்ற பெயரில் விற்றது மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது, அதில் மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கலந்திருந்தது. சுரங்கத்தை 1990-இல் மூடினார்கள், வீடுகளில் கொட்டியது அப்படியே கிடக்கிறது. கையை வைத்துக் கிளறாதீர்கள், லேப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் 'யூ.எஃப்.எஃப்.ஐ.' என்று ஒரு வரி வரும், அதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். 1970களில் குளிர் தடுக்கச் சுவருக்குள் அடித்த நுரை அது. கனடா 1980-இல் தடை செய்துவிட்டது. அதிலிருந்து வந்த ஃபார்மால்டிஹைட் வாயு இத்தனை ஆண்டுகளில் பெரும்பாலும் போயிருக்கும். நனைந்து உதிர்ந்திருந்தால்தான் கவலை.

1995க்குப் பிறகு கட்டியது, புது வீடு மாதிரிதான் என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்குத்தான் கைடெக். 1995 முதல் 2007 வரை விற்ற தண்ணீர்க் குழாய் இது. பெரும்பாலும் சூடான தண்ணீருக்கு ஆரஞ்சு நிறம், குளிர்ந்த தண்ணீருக்கு நீலம். பித்தளை இணைப்புகளில் துத்தநாகம் கரைந்துபோய் அடைக்கும், அப்புறம் வெடிக்கும். இது தொடர்பான கூட்டு வழக்கில் இழப்பீடாக 12.5 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கினார்கள். கோரிக்கை வைக்கும் கெடு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இனிமேல் மாற்றும் செலவு முழுக்க வீட்டுக்காரருடையது. வாட்டர் ஹீட்டர் பக்கத்திலும் சிங்க்குக்கு அடியிலும் குழாயின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். காண்டோ (அடுக்குமாடி வீடு போன்றது) என்றால் அதன் நிர்வாகம் தரும் 'ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்' என்ற சான்றை வாங்கி, கைடெக் மாற்றச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று வக்கீலையே படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் 100 டாலருக்கு மேல் கேட்கக்கூடாது, 10 நாளில் தர வேண்டும்.

சரி, இதெல்லாம் பார்த்தும் ஏதோ ஒன்று தப்பிவிட்டால்? ஒன்டாரியோவில் சட்டம் வாங்குகிறவர் பக்கம் அவ்வளவாக இல்லை. கண்ணால் பார்த்தால் தெரியும் குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. மறைந்திருக்கும் குறை என்றால், வீட்டை ஆபத்தானதாகவோ குடியிருக்கத் தகுதியில்லாததாகவோ ஆக்குகிற ஒன்று அவருக்குத் தெரிந்திருந்து சொல்லாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே மூடி மறைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஸ்கார்பரோவின் மால்வர்னிலேயே உதாரணம் உண்டு. மெக்லூர் கிரசென்ட்டில் 1980-இல் கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த மண் இருப்பது தெரியவந்தது. அது தெரிந்தும் சொல்லாமல் வீட்டை விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், 1987 தீர்ப்பு வாங்கினவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் 'அவருக்குத் தெரியும்' என்று நிரூபிப்பது உங்கள் வேலை. அதனால்தான் கேள்வியை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். பேஸ்மென்டில் எப்போதாவது தண்ணீர் வந்ததா? பேஸ்மென்ட் வேலைக்கு பெர்மிட் எடுத்தீர்களா? எழுத்தில் பொய் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் கையில் சாட்சி.

மொன்ட்ரியால் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. கியூபெக் சிவில் சட்டத்தில், விற்றவருக்கே தெரியாத குறைக்கும் அவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அந்த உத்தரவாதம் இல்லை என்று எழுதி விற்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

இன்ஸ்பெக்டர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஒன்டாரியோவில் ஹோம் இன்ஸ்பெக்டர்களுக்கு உரிமம் கட்டாயம் இல்லை. 2017-இல் சட்டம் நிறைவேற்றியும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் உங்கள் ஊர்க்காரராகவே இருக்கட்டும், கோயிலில் பழக்கமான அண்ணாவாகவே இருக்கட்டும். இன்ஸ்பெக்டரை மட்டும் நீங்களே தேடுங்கள். தொழில் தவறுக்கான காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அவரோடு கூடவே நடங்கள். அவர் சுவரைத் திறக்க மாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"கண்டிஷன் போட்டால் வீடு கிடைக்காது என்கிறார் ஏஜென்ட்." போட்டி கடுமையாக இருந்தால் உண்மைதான். அப்படியானால் ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே விற்பவர் அனுமதியோடு இன்ஸ்பெக்‌ஷன் செய்யுங்கள். வீடு கிடைக்காமல் போனால் சில நூறு டாலர் போகும். அதற்கும் அனுமதி தராத வீட்டை, என்னைக் கேட்டால், விட்டுவிடலாம்.

"பில்டரிடம் புது வீடு வாங்கினால் இந்தக் கவலையே இல்லையே?" கவலை வேறு வகை. டாரியன் என்ற அமைப்பின் புது வீட்டு உத்தரவாதம் உண்டு: வேலைப்பாட்டுக்கும் பொருளுக்கும் 1 ஆண்டு, தண்ணீர்க் கசிவு, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் போன்றவற்றுக்கு 2 ஆண்டு, பெரிய கட்டுமானக் குறைக்கு 7 ஆண்டு. படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் உரிமை போய்விடும். புதிதோ பழையதோ, ரேடான் என்கிற, மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு மட்டும் எந்த வீட்டிலும் இருக்கலாம், அது நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது. கண்ணுக்கும் தெரியாது, மணமும் இல்லை. சரியான சோதனைக்குக் குறைந்தது 3 மாதம் வேண்டும் என்பதால் வாங்குமுன் செய்ய முடியாது. குடிபோன பிறகு, ஜன்னல் அடைத்திருக்கும் குளிர்காலத்தில் சோதனைக் கருவியைக் கீழ்த்தளத்தில் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரெலுக்கு (கதிரியக்க அளவு) மேல் வந்தால், தரைக்கடியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் குழாயும் விசிறியும் போடச் சொல்லுங்கள், குறைந்துவிடும்.