ஐஸ் ஹாக்கி டிஃபென்டர் கெவின் டால்மன் ஆடி நேரில் பார்த்தவங்க இருக்கீங்களா?

பனிக்காட்டு டாக்டர்

2015ல கஜகஸ்தானோட அஸ்தானாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கப் போனேன். முதல் குளிர்காலம். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் கரகண்டாக்காரப் பையன். "மேட்ச் இருக்கு, கிளம்பு"ன்னு ஒரு சாயங்காலம் இழுத்துட்டுப் போனான். அதுவரைக்கும் எனக்கு ஹாக்கின்னா தன்ராஜ் பிள்ளை ஆடின ஹாக்கிதான். பனி மேல ஆடுறதை டிவில கூட முழுசாப் பார்த்ததில்லை.

வெளியே மைனஸ் 25. பாரிஸ் அரினா அந்த வருஷம்தான் திறந்தாங்க, கிட்டத்தட்ட 12,000 பேர் உட்காரலாம். (இந்த பாரிஸுக்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. கஜக் மொழியில பனிச்சிறுத்தைன்னு அர்த்தம், அங்க ஆடுற ஐஸ் ஹாக்கி கிளப்போட பேரே அதுதான்.) உள்ளே போனா ஒரே இரைச்சல், "ஷாய்பு! ஷாய்பு!"ன்னு. ஷாய்பான்னா பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. அது எங்க போகுது எங்க வருதுன்னே என் கண்ணுக்குப் பிடிபடலை. ரூம்மேட் என் தலையைப் பிடிச்சுத் திருப்பி ஒண்ணு சொன்னான்: "பக்கைத் தேடாத. டால்மன் எங்க நிக்கிறார்னு பாரு. அது அங்க தானா வரும்."

அப்படியே வந்துச்சு. எதிரணியில ஒருத்தனை ரெண்டு நிமிஷம் வெளியே உட்கார வச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க சுத்திச் சுத்திப் பாஸ் பண்றாங்க. டால்மன் நீலக்கோட்டுக்குப் பக்கத்துல, கோல்ல இருந்து ரொம்பத் தள்ளி, அவசரமே இல்லாம நிக்கிறார். பக் வந்ததும் மட்டையை ஓங்கினார். மட்டையோட நுனி முதல்ல பனியில பட்டு, மொத்த மட்டையும் வில்லு மாதிரி வளைஞ்சு விடுபட்டுச்சு. கோல் ஆகலை. பின்னாடி கண்ணாடித் தடுப்புல மோதின சத்தம் மட்டும் எங்க வரிசை வரைக்கும் வந்து நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

டிஃபென்டர்னா பின்னாடி நின்னு தடுக்கிற ஆள்னு நினைச்சுட்டிருந்தேன். ராத்திரி ரூமுக்கு வந்து அவரைப் பத்திப் படிச்சேன். கே.எச்.எல்.ங்கிற, ரஷ்யாவை மையமா வச்ச ஹாக்கி லீக் தொடங்கின 2008–09 சீசன், பாரிஸுக்கும் அதுதான் அங்க முதல் சீசன். 53 ஆட்டத்துல 28 கோல், 30 அசிஸ்ட் (கோலுக்கு வழி பண்ணின பாஸ்), மொத்தம் 58 புள்ளி. ஒரு டிஃபென்டர்! அப்போ அவங்களுக்கு இந்தப் பெரிய அரினா கூட இல்லை, 4,000 பேர் உட்கார்ற பழைய விளையாட்டு மாளிகைதான்.

அவர் ஆட்டத்தை வேற ஊர்ல, வேற காலத்துல பார்த்தவங்க இருந்தா எழுதுங்களேன்.

ஸ்காபரோ அண்ணா

தம்பி, நான் அவரைப் பொடியனாப் பாத்தனான். 2001 அளவில நான் இங்க கனடாவில குவெல்ஃப் யூனிவர்சிட்டியில படிச்சுக்கொண்டிருந்தன். வெள்ளிக்கிழமை இரவில டவுன்டவுனில இருக்கிற அரங்குக்குப் போவம். குவெல்ஃப் ஸ்டோர்ம் ஜூனியர் அணியில அவர் விளையாடின காலம் அது. ஆள் நயாகரா ஃபால்ஸ்காரர், 1981இல பிறந்தவர்.

என்னோட வந்த பொடியங்கள் கோல் அடிக்கிற ஆக்களைத்தான் பாப்பாங்கள். எனக்குப் பிடிச்சது டால்மன் பின்பக்கமாச் சறுக்கிற விதம். எதிராளி முழு வேகத்தில நேர வருவான். இவர் அவனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே பின்னால போவார், ஒரு கையில மட்டையை நீட்டிப் பிடிச்சபடி. அவனை அப்பிடியே கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டிடுவார். இடியும் இல்ல, மோதலும் இல்ல. வந்தவனுக்குப் போக வழி மட்டும் இருக்காது.

ஆனா என்.எச்.எல். எண்ட வட அமெரிக்கப் பெரிய லீக் இளம் ஆக்களைத் தெரிவு செய்யிற டிராஃப்டில ஒரு அணியும் அவரை எடுக்கேல்ல. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாளையில டிஃபென்ஸுக்கு நெடுத்த, பாரமான ஆக்களைத்தான் தேடினவை. 2002இல பொஸ்டன் புரூயின்ஸ் கையெழுத்து வாங்கினாலும், மூண்டு வருசம் பிராவிடன்ஸில அவையின்ர கீழ் அணியிலதான் வச்சிருந்தவை. 2005–06இல ஒருமாதிரிப் பொஸ்டனுக்கு வந்தார், அதே சீசனுக்குள்ளயே சென் லூயிஸ் புளூஸுக்குப் போயிட்டார். பிறகு லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸில ரெண்டு சீசன். ஒரு இடத்திலயும் காலூண்ட விடேல்ல. 2008இல கஜகஸ்தானுக்குப் போறார் எண்டு வாசிச்சபோது எனக்கு மனம் சரியில்லாமல் போச்சு. 27 வயசில முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

நான் நினைச்சது பிழை. இங்க பனித்தளத்தின்ர அகலம் கிட்டத்தட்ட 26 மீற்றர். அந்தப் பக்கம் அப்ப பெரும்பாலும் 30. ஒரு பெரிய ஆள் தோளால இடிச்சுச் சுவரோட நசிக்கிறதுக்கு முதல், இவருக்கு நிமிர்ந்து பாத்து ஒரு பாஸ் குடுக்க நேரம் கிடைச்சுது. இங்க அவரின்ர குறை எண்டு சொன்னது அங்க ஒரு பொருட்டே இல்ல. அந்த நாலு மீற்றர்தான் அவருக்கு வாழ்க்கை குடுத்தது எண்டு நான் நம்பிறன். ஒரு சீசனில அந்த 58 புள்ளியைத் தாண்ட 2016–17 வரைக்கும் கே.எச்.எல்.இல வேற டிஃபென்டர் இல்ல. அப்ப ரஷ்யாவின்ர மக்னிதகோர்ஸ்க் அணியில விளையாடின கிறிஸ் லீ 65 எடுத்தார், அவரும் கனடாக்காரர்தான்.

இர்திஷ் கரை

நான் கஜகஸ்தான்லயே செமேங்கிற ஊர்ல படிச்சேன். எனக்கு இதுல வேற ஒரு பக்கமும் தெரியும், சொல்றேன்.

செமேயில இருந்து பஸ்ல போனா உஸ்த்-காமெனகோர்ஸ்க், கஜக்ல ஒஸ்கெமென். உல்பாவும் இர்திஷும் சேர்ற இடம், ஈயம், துத்தநாக ஆலைகள் உள்ள ஊர். கஜகஸ்தான் ஹாக்கிக்கு அதுதான் தாய்வீடு. டார்பிடோ கிளப் 1955ல ஆரம்பிச்சது. கோல்கீப்பர் நபோக்கோவ், அன்ட்ரோபோவ் எல்லாம் அங்க வளர்ந்து என்.எச்.எல். போனவங்க.

கிளாஸ்மேட் வீட்டுக்குப் போனப்ப அவனோட தம்பியைக் காலை பிராக்டிஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பத்து வயசுப் பையன், டிஃபென்டர். அப்பா ஈரத் தரையில மண்டி போட்டு ஸ்கேட் லேஸை ஒவ்வொரு கண்ணியா இழுத்து இறுக்கினார். விரல்ல லேஸ் அறுத்த பழைய தழும்பு கோடு கோடா இருந்துச்சு. டால்மன் பேரை எடுத்தேன், அவருக்குக் கோபம் வந்துருச்சு. "வெளிநாட்டுக்காரனுக்குப் பாஸ்போர்ட் கொடுத்து நேஷனல் டீம்ல ஆட விட்டா, இவன் எங்க ஆடுவான்?"

நியாயமான கேள்விதான். இகோர் நிகிட்டின் அந்த ஊர்ல 1973ல பிறந்த டிஃபென்டர். 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல கஜகஸ்தான் காலிறுதி வரைக்கும் போச்சே, அந்த அணியில ஆடினவர். பயிற்சியாளரா 2019ல சி.எஸ்.கே.ஏ.வுக்கும் 2025ல லோகமோட்டிவுக்கும், ரெண்டும் ரஷ்ய கிளப், கே.எச்.எல். சாம்பியனுக்குத் தர்ற ககாரின் கோப்பை வாங்கிக் கொடுத்தார். டிஃபென்டரை வெளியே இருந்து கொண்டுவர வேண்டிய ஊர் இல்லை அது.

பனிக்காட்டு டாக்டர்

அந்த அப்பா சொல்றதை என்னால தள்ள முடியலை. 2016 உலக சாம்பியன்ஷிப்புக்கு டால்மன், டாஸ், பாய்ட், போசென்ஸ்கின்னு வெளியே பிறந்த நாலு பேர் கஜகஸ்தான் ஜெர்சி போட்டாங்க. மாஸ்கோவுல நடந்த ஆட்டங்களை ஹாஸ்டல் கிச்சன்ல லேப்டாப் வச்சுப் பார்த்தோம். ஷூட்அவுட்ல சுவிட்சர்லாந்தை 3–2ன்னு ஜெயிச்சப்ப, ஒரு உஸ்பெக் பையன் கையில இருந்த சாதத்தைக் கீழ போட்டுட்டான். ரஷ்யாகிட்ட 4–6. கடைசியில பதினாறாவது இடம், கீழ்ப் பிரிவுக்கு இறங்கிட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். பாஸ்போர்ட் மட்டும் இருந்தா நேஷனல் டீம்ல ஆட முடியாது, அந்த நாட்டுல தொடர்ந்து சில வருஷம் ஆடியிருக்கணும். டால்மன் நடுவுல பீட்டர்ஸ்பர்க் எஸ்.கே.ஏ.வுக்குப் போனார். பணத்துலயும் பேர்லயும் பாரிஸைவிடப் பெரிய கிளப். அங்க இருந்து திரும்பவும் அஸ்தானாவுக்குத்தான் வந்தார். மைனஸ் முப்பதுல காத்து அடிக்கிற ஊரு அது. ஆறு வருஷம் அங்க இருந்தவனாச் சொல்றேன், பிடிச்சாத்தான் அந்த ஊருக்குத் திரும்பி வருவாங்க.

ஸ்காபரோ அண்ணா

உண்மை. இர்திஷ் கரை, அந்தப் பொடியன் இப்பவும் விளையாடுறானா?

இர்திஷ் கரை

தெரியலைண்ணா, நான் 2022ல ஊருக்கு வந்துட்டேன். ஆனா அன்னைக்குப் பிராக்டிஸ் முடியற நேரத்துல நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு. பையன் நீலக்கோட்டுல நின்னு பக்கை மேல மேல தூக்கி அடிச்சிட்டிருந்தான். அப்பா தடுப்புக் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். கிளாஸ்மேட்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான்: "உயரமா அடிக்காதடா. கீழ, கோல்கீப்பரோட கால் காப்புல படுற மாதிரி அடி. முன்னாடி நிக்கிறவனுக்குத் தெறிச்சு வர்ற பக் கிடைக்கும். டால்மன் எப்படி அடிப்பான், பார்த்தியா இல்லையா?"