கோயில் மணி: உங்கள் ஊரில் கேட்டது, அடித்தது

கொள்ளிடக்கரை:
எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், காலை, நண்பகல், மாலை ஜெபத்துக்கு அடிக்கும் மூவேளை மணி இப்போது ஒலிபெருக்கியில்தான். மும்மூன்று அடி, பிறகு தொடர் மணி, எல்லாமே பதிவு. அப்பாயி இறந்த அன்று துக்க மணிக்குப் பதிவு இல்லை என்றார்கள். கோயில் வேலைகளைப் பார்த்து, ஓய்ந்து வீட்டிலிருந்த பழைய உபதேசியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். ஓர் அடி விழுந்ததும் கயிற்றைச் சற்றே தளர்த்திப் பிடித்தபடி, ரீங்காரம் முழுவதும் அடங்கும்வரை கண்ணை மூடி நின்றார். பிறகுதான் அடுத்த அடி. எங்கள் ஊரில் பெண்ணுக்கு இரண்டிரண்டாக அடிப்பார்கள். எதிர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்றுமுடியோடு நிமிர்ந்து எண்ணினார்கள். "பெண் சாவுதான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சேற்றுக் கையாலேயே சிலுவை போட்டார்கள். பதிவு மணி கேட்டு அவர்கள் ஒருநாளும் நிமிர்ந்ததில்லை.

குடந்தைப் பக்கம்:
இரண்டிரண்டு உங்கள் ஊர்க் கணக்கு. எங்களிடம் ஆண், பெண் வேறுபாடே கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் மட்டும் துக்க மணி இல்லை, திருவிழா மணிதான். அது விண்ணகம் போய்விட்டது என்ற நம்பிக்கை. ஒலிபெருக்கியைக் குறை சொல்வதும் சரியல்ல. தினம் மூன்று வேளை கயிறு பிடிக்க யார் வருகிறார்கள்?

என் அனுபவம் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவில். பெரிய வியாழன் பூசையில் பாடும் வானவர் கீதத்தோடு மணி ஓய்ந்துவிடும், வெள்ளிக்கிழமை மரக்கட்டைச் சத்தம் மட்டும். சனி இரவு மீண்டும் வானவர் கீதம் தொடங்கியதும், சிறுவனான என் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். இழுத்தேன். மணி திரும்பி வந்த வேகத்தில் கயிறு என்னையும் மேலே தூக்கிவிட்டது. கால் தரையில் இல்லை. யாரோ பின்னாலிருந்து கால்சட்டையைப் பற்றி இறக்கினார். இறங்கியதும் மறுபடி இழுத்தேன்.

நாகைக் கடற்கரை:
யார் வருகிறார்கள் என்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரையேறியபோது எங்கள் ஊர்க் கோயில் மணி தானாகவே அடித்தது. ஒழுங்கில்லாத அடி, நடுநடுவே நீண்ட இடைவெளி. ஆள் அடிக்கும் மணியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது ஆள் அடிப்பதில்லை என்று உடனே தெரிந்தது. என் மாமியார் ஜெபமாலையைக் கீழே வைக்கவே இல்லை. அதன்பின் மின்சாரம் வரும்வரை உங்கள் ஒலிபெருக்கி ஊமை. பொதுச் சமையல் வெந்ததும் பையன்கள் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார்கள், தெருவெல்லாம் தட்டோடு வந்தது. ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள், கூப்பிடுவதில்லை என்று சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
இங்கிலாந்தில் ஒரு கோபுரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே மணி அடிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. மணி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். பெரிய சக்கரத்தில் மாட்டிய மணி வாய் மேல்நோக்கி நின்று முழு வட்டம் சுற்றி வருகிறது. ராகம் வாசிப்பதில்லை, மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஏழு மணிகள் இருந்தால் 5040 வரிசை, ஒன்றுகூடத் திரும்ப வரக் கூடாது. முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. கொள்ளிடக்கரை நண்பரே, அந்த உபதேசியார் கயிற்றைத் தளர்த்தியது வெறும் பழக்கமல்ல. நம் ஊர்களில் பல இடங்களில் மணி அசையாமல் இருக்க, நாக்கில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். நாக்கு மோதியதும் விலகிவிட வேண்டும். இழுத்துப் பிடித்து விளிம்பில் ஒட்ட வைத்தால் மணி விரிசல் விடும். மணி வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு வெள்ளீயம். நல்ல நாதம் அதனால்தான், எளிதில் உடைவதும் அதனால்தான். விரிசல் விட்டால் தெருமுனைப் பற்றவைப்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், நாதம் திரும்பாது. அடிபட்ட இடம் தேய்ந்திருந்தால் மணியைக் கால் வட்டம் திருப்பி மாட்டச் சொல்லுங்கள், புது இடத்தில் அடி விழும். மழைக்கு முன் ஒருவர் ஏறித் தாங்கு கட்டையையும் திருகாணிகளையும் பார்க்கட்டும்.

நாகைக் கடற்கரை:
கடலோரத்தில் மழைக்கு முன் மட்டும் பார்த்தால் போதாது. உப்புக் காற்று இரும்பு நாக்கின் கொக்கியைத்தான் முதலில் தின்னும். கயிறு மாற்றும்போது நைலான் வாங்காதீர்கள், வழுக்கும், பிள்ளைகளின் கையை அறுக்கும். தடித்த பருத்திக் கயிறு வாங்கி, பிடிக்கும் இடத்தில் துணி சுற்றிக் கொடுங்கள்.