பொருள்: 3215031751 எந்த வகை எண்? சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

பகா எண் சோதனைக் கையேட்டில் 3215031751-ஐ எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். 151 × 751 × 28351 என்று பிரியும் பகு எண்தான். ஆனால் மில்லர்–ராபின் சோதனையில் (அடிமானம் எனப்படும் ஓர் எண்ணை அடுக்கேற்றி, வரும் மீதிகளைக் கொண்டு பகா எண்ணா என்று பார்ப்பது) 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களிலும் பகா எண்போலத் தேறிவிடுகிறது. அப்படித் தேறும் பகு எண்களில் இதுவே மிகச் சிறியது. வரைவில் 'வலுவான போலிப் பகா எண்' என்றிருக்கிறது. 'வன்போலி' என்று சுருக்கலாமா?

— ஈசூன்

⁂

'வன்' வேண்டாம் ஐயா. கணினிக் கையேட்டில் வன்பொருள், வன்தட்டு என்று அது வேறு வேலையில் இருக்கிறது. 'வலுவான' என்பதும் பொருந்தவில்லை. வலு சோதனைக்கு உரியது, எண்ணுக்கு அல்ல. 341 (= 11 × 31) என்ற பகு எண், அடிமானம் 2-இல் ஃபெர்மா சோதனையை (அடிமானத்தை எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்கில் ஏற்றி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) ஏய்த்துவிடும். மில்லர்–ராபினில் சிக்கிவிடும்: 2-இன் 85ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 32, அதன் வர்க்கத்துக்கு மீதி 1. பகா எண்ணில் 1-க்கு முந்தைய மீதி 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். ஆகவே மில்லர்–ராபினைக் 'கடுஞ்சோதனை' என்போம். அதையும் ஏய்ப்பது 'கடும்போலி'. ஏமாறும் அடிமானம் 'பொய்ச்சாட்சி', பிடித்துக்கொடுப்பது 'சாட்சி'.

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். பகா எண் முதலில் வரும் இடத்தில் 'பிரைம் நம்பர்' என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

— தெம்பனிஸ்

⁂

கடும்போலிக்கு என் ஆதரவு. ஆனால் அடிமானத்தைச் சொல்லாமல் அந்தச் சொல்லை எழுதக்கூடாது. '2, 3, 5, 7-இல் கடும்போலி' என்றே வரவேண்டும், ஏனென்றால் 11 இதற்குச் சாட்சி.

காரணம் அழகானது, கையேட்டில் கட்டாயம் இடம்பெறட்டும். எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2 × 1607515875. காரணிகளில் ஒவ்வொன்றைக் கழித்தால் வரும் 150, 750, 28350 மூன்றும் அதை மீதியின்றி வகுக்கும். ஆக இது கார்மைக்கேல் எண்ணும்கூட, அதாவது தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் ஃபெர்மா சோதனையை ஏய்க்கும் பகு எண். மூன்று காரணிகளும் 4-ஆல் வகுக்க மீதி 3 தருபவை. அதனால் ஓர் அடிமானத்தின் 1607515875ஆம் அடுக்கு, அந்த அடிமானம் இருபடி எச்சமாக (ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக) இருக்கும் காரணியில் +1, இல்லாத காரணியில் −1 தரும். மூன்றிலும் ஒரே குறி வந்தால் சோதனை ஏமாறும். 2, 5 இரண்டுக்கும் எல்லாம் +1. 3, 7 இரண்டுக்கும் எல்லாம் −1. 11-க்கு 151-இல் +1, 751-இல் −1. அங்கே குட்டு உடைகிறது. எட்டுக் குறி அமைப்புகளில் இரண்டு ஏமாற்றுபவை. எனவே இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய அடிமானங்களில் சரியாகக் கால்பங்கு, அதாவது 797343750, பொய்ச்சாட்சிகள். 9-க்கு மேற்பட்ட எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணும் இந்தக் கால்பங்கைத் தாண்ட முடியாது.

நிரல் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. குறியுள்ள 32 பிட்டில் இந்த எண் −1079935545 ஆகிவிடும். பெருக்கல் 1.03 × 10¹⁹ வரை போவதால் குறியுள்ள 64 பிட்டும் போதாது, குறியற்ற 64 பிட் வேண்டும். வழிந்த மதிப்புகளோடு ஓடும் நிரல் 'பகு எண்' என்று தற்செயலாகச் சரியான விடையைச் சொல்லிவிடலாம். பிழை கண்ணில் படாது. நான்கு அடிமானங்களில் 'தேறியது' என்று வந்தால்தான் கணக்குப் பகுதி சரி. அதன்பின் அடிமானங்களை 2, 7, 61 என்று மாற்றட்டும். 4759123141-க்குக் கீழ் அந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கடும்போலியும் தப்பாது.

— ஜூரோங்