புதுப்பிப்பு: மினி கணினியில் பாயிங்க், 97 டிகிரி சூடு – தீர்ந்தது

மினி கணினியில் பாயிங்க் (BOINC – நம் கணினியின் உபரித் திறனை அறிவியல் ஆய்வுக் கணக்குகளுக்குக் கொடுக்கும் மென்பொருள்) ஓட்டினால் சூடு 97 டிகிரிக்கு ஏறி, வேகம் படுத்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பாயிங்க் அமைப்புகளில் ‘சிபியு நேரம் 60 சதவீதம்’ என்று வைக்கும் யோசனையை முயன்றேன். சூடு குறைந்தது. ஆனால் பாயிங்க் வேலையை நிறுத்தி நிறுத்தித் தொடர்வதால் மின்விசிறி மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார முடியவில்லை.

கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன வழி: நேரத்தை 100-லேயே விட்டு, ‘சிபியுக்களில் 50 சதவீதம்’ என்று மாற்றி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டர்போவை, அதாவது சிபியு தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியை, அணைப்பது. என் சிபியு 4 கோர், 8 திரெட் (திரெட்டுக்கு ஒரு வேலை ஓடும்) என்பதால் இப்போது ஒரே சமயத்தில் 4 வேலைகள் ஓடுகின்றன. அப்படியே மூடியையும் கழற்றிப் பார்த்தேன். ஹீட்சிங்க் (சிபியு சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் பஞ்சு மாதிரி தூசி. பழைய பல்துலக்கியால் எடுத்தேன். அப்புறம் மூன்று வாரமாக 70 டிகிரியைத் தாண்டவில்லை.

எதிர்பாராத ஒன்று: ரொசெட்டா அட் ஹோம் (பாயிங்கில் ஓடும் புரத ஆய்வுத் திட்டம்) வேலைகள் ‘நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது’ என்று அடிக்கடி நின்றுவிடும். இருப்பது 8 ஜிபிதான். வேலைகள் 4 ஆனதும் அந்தச் செய்தியே வருவதில்லை. ஒரு நாளில் முடிகிற வேலைகளும் பயந்த அளவுக்குக் குறையவில்லை.