ஃபிலிம் ரோல் முடிக்க எடுத்த படங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவப் பகிர்வு

லயத்துப் பொண்ணு:
தீபாவளிப் படத்தை விட்டுவிடுங்கள், அது எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். புதுச் சட்டை, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு வாசல், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார்மேல் கடைக்குட்டி. நான் சொல்ல வந்தது அந்த ரோலில் மீந்த சில படங்களைப் பற்றி. முழுசாக முடியாத ரோலைக் கழுவக் கொடுத்தால் காசு வீண் என்று அண்ணன் வீட்டுக்குள்ளேயே கண்டதையும் எடுத்துத் தள்ளுவான். அதில் ஒன்று என்னை இன்னும் விடவில்லை.

எனக்கு மத்தியானப் பள்ளி. அம்மா ரப்பர் பாலைத் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு ஓடி வந்து, வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்குச் சடை பின்னுகிறார். முழங்கையில் பால் காய்ந்து கறுத்திருக்கிறது. ரிப்பன் பல்லில். நான் தலையை மட்டும் கொடுத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூக்கைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுப்பால் வாடை தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் பால்மரம் சீவிய மனுஷி, வேலைச் சட்டையோடு இருக்கும் படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். மற்றதில் எல்லாம் பட்டுச் சேலை.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா? கல்யாணப் படம் வேண்டாம்.

கழுவுன கை:
பொண்ணு சொல்வதில் எனக்கு ஒரு சண்டை. நான் டவுனில் படம் கழுவும் கடையில் வேலை பார்த்தவன். எங்கள் கடையில் ரோல் கழுவ ஒரு காசு, பிறகு பிரிண்ட் போட்ட படத்துக்குத்தான் காசு. எடுக்காத படத்தால் கழுவுகூலி ஏறாது, ஃபிலிம் மட்டும்தான் வீண். அண்ணனுக்கு எடுக்க ஆசை, அதற்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து வரும் 36 படத்து ரோலில் ஒரு வருஷமே இருக்கும். எனக்கு மறக்காத ரோல் ஒன்று உண்டு. முதல் படம் தைப்பூசம், மொட்டை போட்டு மஞ்சள் பூசிய குழந்தை அப்பா கையில். நடுவில் பிறந்தநாள் கேக், அப்புறம் யாரோ ஒருவருடைய கால். கடைசிப் பக்கம் தீபாவளி. அதே குழந்தை, தலை நிறைய சுருட்டை முடியோடு, மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. மெஷினிலிருந்து படம் ஒவ்வொன்றாக விழ விழ நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்த அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, "கால் படத்துக்கும் காசா?" என்றார்.

வந்தது வந்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் பசை ஆல்பம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, இப்போது கோடு கோடாக மஞ்சள் பூத்திருக்கும். படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் இருந்த இடத்திலேயே ஃபோனில் ஒன்று எடுத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல். அப்புறம் பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, அறுப்பதுபோல மெல்ல இழுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், ஃபோனில் எடுத்ததாவது இருக்கும். நெகட்டிவை யாரும் தூக்கிப் போடாதீர்கள், சாயம் போன படத்தைவிட நெகட்டிவில்தான் பெரும்பாலும் நிறம் நின்றிருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும், மாமா முகம் குழாயோடு போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் திறந்த அலமாரியில் போட்டு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. இறுக்கமாக மூடும் டப்பா வேண்டும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் சூடு காட்டி உலர்த்த வேண்டும். இரும்பு அலமாரியானாலும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்...

சித்தி ஈப்போ ரோடு:
தம்பி, யாரும் கேட்கவில்லையே! ஆனாலும் நூல் விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் பாட்டிக்கு ரோலும் இல்லை, ஆல்பமும் இல்லை. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்த் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது தெரியும்தானே. அப்புறம் 12 வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்றார்கள். படமும் கட்டைவிரல் ரேகையும் கொடுக்க வேண்டும். பாட்டி வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். அதில் மீந்த ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. இடுப்பில் அப்போது என் அப்பா. பிள்ளையை இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள், அவன் அலறியிருக்கிறான், சரி என்று தூக்கிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். படத்தில் பாட்டி மட்டும்தான். ஆனால் கீழ் ஓரத்தில், ரவிக்கைமேல் நாலு விரல். அப்பாவுக்கு அந்த வயசில் இருக்கும் ஒரே படம் அந்த நாலு விரல்தான். தன் எழுபதாவது பிறந்தநாளில் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னார். கடைக்காரப் பையன் அழகாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் விரலை அழித்துக் கொடுத்துவிட்டான். நாங்கள் போட்ட சத்தத்தில் திரும்ப எடுத்துக் கொடுத்தான்.

செம்பனை அப்பா:
நம்முடையது ஃபோன் காலத்துக் கதை. 2020 மார்ச் 18, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. முடிவெட்டும் கடை மூடிவிட்டது. பின்வாசலில் நாற்காலி போட்டு மகனுக்கு நானே வெட்டினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், கழுத்தில் துண்டு, மூக்கு நுனியில் முடி. மாமியார் அந்த நொடியைச் சரியாகப் பிடித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினார். பிறகு அவர் ஃபோன் வாய்க்காலில் விழுந்தது.

இப்போது எங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த படம் மட்டும். பெரிதாகப் பிரிண்ட் போட்டால் கண் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இதை அத்தைக்கு யார் சொல்வது? பொண்ணு, உங்கள் அண்ணன் ரோல் எவ்வளவோ மேல். என் ஃபோனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, பாதி சோற்றுத் தட்டு. அந்த முடிவெட்டுப் படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டிருக்கிறேன், விருப்பம் இருந்தால் பாருங்கள்.

கேட்டுட்டு எடு:
பார்க்க மாட்டேன் அண்ணே. பையனைக் கேட்டீர்களா? வீட்டு ஆல்பம் வேறு, ஃபேஸ்புக் வேறு. லயத்துப் பொண்ணு மூக்கைச் சுளித்த படத்தை அலமாரியில் அவங்க குடும்பம் பார்த்தது. உங்கள் மகனை அவன் வகுப்பே பார்க்கும்.

செம்பனை அப்பா:
அவனுக்கு அப்போது ஆறு வயசு தம்பி. என்ன கேட்பது?

கேட்டுட்டு எடு:
தம்பி இல்லை, தங்கச்சி. இப்போது அவனுக்குப் பத்துக்கு மேல் இருக்குமே, இப்போது கேளுங்கள். என் மகள் பிறந்தது முதல் விடாமல் எடுத்தேன். பாத்திரம் கழுவும்போது, சப்பாத்து மாட்டும்போது, கணக்குப் புத்தகத்தின்மேல் தூங்கும்போது. சின்னப் பிள்ளைகளுக்கான மைகிட் கார்டில் படம் கிடையாது, 12 வயசில் மைகார்டு என்கிற அடையாளக் கார்டுக்குத்தான் முதல் அரசாங்கப் படம். அங்கே அதிகாரி சொன்னபடி அசையாமல் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் நான் ஃபோனைத் தூக்கினேன். கையால் மறைத்துக்கொண்டு, "அவங்க சொல்லிட்டு எடுத்தாங்க, நீங்க சொல்றதே இல்லை" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம். கேட்காமல் எடுத்தால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) அபராதம், மைலோ டின்னில் போட வேண்டும். படம் இருக்கலாமா கூடாதா என்பதும் அவள் தீர்ப்புதான். தூங்கும் படம் எல்லாம் அழிந்தது, சப்பாத்துப் படம் தப்பித்தது. போன மாதம் டின் நிறைந்துவிட்டது. அந்தக் காசில் தப்பித்ததையெல்லாம் 4ஆர் அளவில் (நாலுக்கு ஆறு அங்குலம்) பிரிண்ட் போட்டோம். மீதிச் சில்லறையை அவள் திருப்பித் தரவில்லை.